ஒத்து ஊதுவது அவ்வளவு இளப்பமா? – ஒரே ஒரு சுரத்தின் வரலாறு

"என்னப்பா, அவனுக்கு ஒத்து ஊதுறியா?"

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலும் திண்டிவனம் டீக்கடையிலும் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. அரசியல் பேச்சு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சொந்த புத்தி இல்லாமல், இன்னொருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் ஆள் என்று அர்த்தம். கிட்டத்தட்ட ஒரு வசவு.

சரி, அந்த ஒத்து என்பது என்ன? அதை ஊதியவர் யார்? அவர் எங்கே போனார்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிக் கிளம்பினால் கோயில் வாசலில் ஆரம்பித்து, செஞ்சிப் பக்கத்துக் கூத்துக் களம், கல்கத்தாவின் ஒரு ஆய்வுக்கூடம், டெல்லி வானொலி, பெங்களூரு, அகமதாபாத் என்று சுற்றி, கடைசியில் சொன்ன பேச்சு கேட்காத ஒரு சின்தசைசரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வழி நீளம். ஆனால் ஒரே சுரம்தான், பயப்பட வேண்டாம்!

ஓட்டை இல்லாத குழல்

கல்யாண வீட்டிலோ கோயில் புறப்பாட்டிலோ வரும் நாதஸ்வர கோஷ்டியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. பழைய புகைப்படங்களில் இன்னொருவரும் இருப்பார். அவர் கையிலும் நாதஸ்வரம் மாதிரியே ஒரு நீளமான குழல் இருக்கும். ஆனால் விரல்கள் அதன் மேல் ஓடாது. ஓட முடியாது. ஏனென்றால் அதில் விரல் வைக்கத் துளையே கிடையாது. அதுதான் ஒத்து.

ஒத்தின் அடிப்பக்கம் நாலைந்து சிறு துளைகள் மட்டும் இருக்கும். அவை வாசிப்பதற்கு அல்ல, சுருதி சேர்ப்பதற்கு. மெழுகை வைத்து ஒரு துளையை முழுக்க அடைத்தால் சுருதி ஒரு மாதிரி, பாதி அடைத்தால் வேறு மாதிரி. மெயின் நாதஸ்வரக்காரரின் ஆதார ஷட்ஜத்தோடு ஒத்துப் போகும் வரை மெழுகை ஒட்டியும் சுரண்டியும் பார்ப்பார்கள். ஒத்துப் போவதால் ஒத்து. பெயரே காரணப் பெயர்தான்.

சுருதி சேர்ந்த பிறகு வேலை சுலபம் என்று தோன்றும். ஒரே சுரத்தை ஊத வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஒரே சுரம் நிற்கக் கூடாது. பாட்டுக்காரர் மூச்சு வாங்கலாம், நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரி செய்யலாம், தவில்காரர் தனி ஆவர்த்தனத்துக்கு இடையில் தோள்துண்டால் வியர்வை துடைக்கலாம். ஒத்துக்காரருக்கு மட்டும் இடைவேளை இல்லை. கன்னத்தில் காற்றை அடைத்து வைத்து, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுக்க வேண்டும். சுவாசத்தை வட்டமாகச் சுழற்றும் வித்தை இது. சாமி நான்கு மாட வீதி சுற்றி வரும் வரை இப்படியே.

பெரும்பாலும் இந்த வேலை கோஷ்டியில் இருக்கும் இளையவருக்குப் போகும். வித்வானின் மகன், மருமகன், அல்லது குருகுலத்தில் இருக்கும் சிஷ்யப் பையன். அவனுக்கு இது சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கும் பள்ளிக்கூடம். வாயில் ஒரே சுரம். காதில் குருநாதரின் முழுக் கச்சேரி. மணிக்கணக்கில் ஷட்ஜத்தின் மேல் உட்கார்ந்து கொண்டு, ஒவ்வொரு ராகமும் அந்த ஷட்ஜத்தை விட்டு எப்படிக் கிளம்புகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்பதை விடப் பெரிய பாடம் எது?

ஆக, ஒத்து ஊதியவர் தலையாட்டி பொம்மை இல்லை. கச்சேரியின் தரை அவர்தான். தரையைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை, அவ்வளவுதான்.

தம்பூராவும் சி.வி.ராமனும்

கோயில் வாசலில் ஒத்து என்றால், கச்சேரி மேடையில் தம்பூரா. நான்கு தந்திகள்: ப – ஸ – ஸ – ஸ. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குழந்தைகூட மீட்டிவிடலாம். ஆனால் தம்பூராவின் இனிமை தந்தியில் மட்டும் இல்லை. தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் சொருகப்படும் ஒரு சின்ன நூலில் இருக்கிறது. அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் மந்தமாக இருந்த தந்தி ரீங்காரம் போட ஆரம்பிக்கும்.

ஏன் அப்படி? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். நோபல் பரிசு 1930-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1921-ல், கல்கத்தாவில் இருந்தபோது இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் காலத்து இயற்பியலில் ஒரு விதி உண்டு: தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடம் அசையாப் புள்ளியாக இருக்க வேண்டிய உபசுரங்கள் எழும்பாது. யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருவர் பெயரையும் தாங்கிய விதி. தம்பூரா அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று ராமன் காட்டினார். வரக் கூடாத உபசுரங்களும் வந்தன, அதுவும் பலமாக! காரணம், தந்தி குதிரையின் வளைந்த முதுகை உரசி உரசி அதிர்வதுதான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஒரே சுரம்" என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே சுரம் இல்லை. அதற்குள் ஒரு கூட்டமே இருக்கிறது. தம்பூராவைக் கண்ணை மூடிக் கேட்டால் உபசுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்குவது கேட்கும். யாரும் மீட்டாத காந்தாரம் தானாக ஒலிக்கும். எந்த நொடியில் எது மேலே வரும் என்று மீட்டுகிறவருக்கே தெரியாது. அசையாத வாத்தியம் என்று பெயர் வாங்கிய தம்பூரா, அசைந்துகொண்டேதான் இருக்கிறது.

கூத்துக் களத்தில் பெட்டி

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி 30 கிலோமீட்டருக்குள்தான். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரியில் இருக்கும் திரௌபதி அம்மன் கோயிலை, இந்தப் பகுதியில் பரவிய திரௌபதி வழிபாட்டுக்கே மூலக் கோயிலாகக் கருதுகிறார்கள். ஆல்ஃப் ஹில்டெபைடல் என்ற அமெரிக்க ஆய்வாளர் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்தே திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதினார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும் என்று போகும் திருவிழா அது.

கூத்தில் ஆடுபவர்களுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மிருதங்கம், தாளம், முகவீணை, ஆர்மோனியம். ஆர்மோனியத்தைப் 'பெட்டி' என்பார்கள், வாசிப்பவர் பெட்டிக்காரர். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை கூத்து ஓடும். துரியோதனனும் துச்சாதனனும் மாறி மாறி வந்து, தொண்டை கிழியக் கத்திப் பாடி, திரும்பத் திரும்ப வந்து சேர வேண்டிய இடம் பெட்டிக்காரர் பிடித்து வைத்திருக்கும் சுதிதான். பனி இறங்கினாலும், பார்ப்பவர்களில் பாதிப் பேர் தூங்கிப் போனாலும், பெட்டியின் துருத்தி அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பெட்டி நம் ஊர்ச் சரக்கு இல்லை. 1842-ல் பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் காப்புரிமை வாங்கிய கருவி. அது காலால் மிதித்து வாசிக்கும் மேஜை சைஸ் சமாச்சாரம். கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து வாசிக்கும் அளவுக்குச் சுருக்கினார். இந்தியக் காதுக்கு ஆதார சுருதி வேண்டும் என்று, இழுத்தால் ஒரே சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும் குமிழ்களும் அந்தக் கைப்பெட்டியில் சேர்ந்தன. நாடகக் கம்பெனிகளுக்கு அது வரப்பிரசாதமாகப் போய்விட்டது. கூத்துக்கும் வந்தது.

ஆனால் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆர்மோனியத்தில் கட்டைகள் நிலையானவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் வராது. ரவீந்திரநாத் தாகூருக்கே அதைக் கண்டால் ஆகாது. கடைசியில் 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அப்போது வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். இந்திய இசையின் தூய்மையைக் காப்பாற்ற, வெள்ளைக்காரர் ஒருவர், வெள்ளைக்காரர் ஊர்க் கருவியைத் தடை செய்தார். வேடிக்கைதான்! 1971-ல்தான் தடை ஓரளவு தளர்ந்தது.

சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தன. விழுப்புரம் இரண்டுக்கும் நடுவில். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆர்மோனியம் இல்லாத சங்கீதம் காற்றில் வந்துகொண்டிருந்த 31 வருடங்களும், கூத்துக் களத்தில் பெட்டி பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தடை உத்தரவு மேலச்சேரிக்கு வந்து சேரவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் இன்னொரு காரியம் நடந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டு, சுருதி நாக்குகளையும் துருத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? அதுதான் சுருதிப் பெட்டி. திட்டு வாங்கிய கருவியின் தலையை வெட்டி எடுத்து, உடம்பை மட்டும் சபைக்குள் அனுமதித்தார்கள். அது ஒத்துக்காரரின் இடத்திலும் போய் உட்கார்ந்தது. துருத்தியை அசைப்பதற்கு வட்டச் சுவாசம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் அசைக்கலாம்.

1979: ஆளே வேண்டாம்

அடுத்த கட்டம் பெங்களூருவில். ஜி.ராஜ் நாராயண் விமானத் துறைப் பொறியாளர், புல்லாங்குழல் வாசிப்பவரும்கூட. 1979-ல் அவர் மின்னணு சுருதிப் பெட்டியை அறிமுகப்படுத்தினார். பிறகு அவருடைய ரேடல் நிறுவனத்திலிருந்து மின்னணுத் தம்பூரா, தாளக் கருவி என்று வரிசையாக வந்தன.

இதன் பயன் கொஞ்ச நஞ்சம் அல்ல. தம்பூராவை ரயிலில் தூக்கிக்கொண்டு போய், குடம் விரிசல் விடாமல் கொண்டு வந்து சேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு! வீட்டில் தனியாகச் சாதகம் செய்பவருக்கு தம்பூரா போட ஆள் எங்கே கிடைக்கும்? சுவிட்சைப் போட்டால் சுருதி, நிறுத்தினால் அமைதி. வெயில், மழை எதுவும் பிரச்சினை இல்லை. கரண்ட் போனால் பேட்டரி. இன்று அதுவும் வேண்டாம். கைபேசியில் ஒரு ஆப் போதும்.

கோஷ்டிக் கணக்கையும் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பேசிய தொகையை ஆறு பேர் பிரித்துக்கொள்வதற்கும் ஐந்து பேர் பிரித்துக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. பஸ் செலவு, சாப்பாடு, வேட்டி எல்லாம் ஒரு ஆளுக்குக் குறையும். பெட்டி ஒரு முறைச் செலவு. ஆள் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் செலவு. எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் பெட்டியைத்தான் வாங்கச் சொல்வார். அதில் தப்பும் இல்லை. முகூர்த்த நாளை நம்பிக் குடும்பம் நடத்துபவர்களைப் பார்த்து "கலையைக் காப்பாற்றுங்கள்" என்று வெளியில் நின்று உபதேசம் செய்வது சுலபம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது. ஒத்துக்காரரின் இடம் வெறும் சுருதிக்கான இடம் மட்டும் அல்ல, பழகுகிறவனுக்கான இடமும் அது. பதினைந்து வயதுப் பையன் கச்சேரிக்குள் நுழைய இருந்த வாசல் அது. பெட்டி வந்ததும் சுருதி கிடைத்துவிட்டது, வாசல் மூடிக்கொண்டது.

விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தமிழகத்தின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை சொல்லித் தரப்படுகின்றன. நல்ல ஏற்பாடு. பரம்பரையில் பிறக்காதவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்ட ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியலில் ஒத்துக்கு இடமில்லை. யார்தான் மூன்று வருடம் ஒரே சுரத்தைப் படிப்பார்கள்?

மைக் செட்காரர் பயப்படும் சத்தம்

இதே காலத்தில் நடந்த இன்னொரு கதை இருக்கிறது. அங்கேயும் மின்சாரம்தான், அங்கேயும் நீண்டு ஒலிக்கும் சுரம்தான். ஆனால் நோக்கம் நேர் எதிர்.

அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க் போனார். அங்கே ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரோடு ஒரு பண்டமாற்று: இவர் அவருக்கு இந்திய இசை சொல்லித் தர வேண்டும், அவர் இவருக்கு மேற்கத்திய இசை. காசு கைமாறவில்லை. அந்தச் சில மாதங்கள் கேஜின் சிந்தனையையே திருப்பிப் போட்டன. ஆறு வருடம் கழித்து, 1952-ல், அவர் 4 நிமிடம் 33 நொடிக்கு எந்த சுரமும் வாசிக்காத அந்தப் புகழ்பெற்ற படைப்பை வெளியிட்டார். பியானோ முன்னால் உட்கார்ந்து அதை முதலில் 'வாசித்தவர்' டேவிட் ட்யூடர்.

அதே ட்யூடர் 1969-ல் அகமதாபாத் வந்தார், ஒரு மூக் சின்தசைசரோடு. சாராபாய் குடும்பத்தினர் முன்னின்று வளர்த்த தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு இசைக்கூடம் அமைக்கத்தான் இந்தப் பயணம். ராபர்ட் மூக் தன் கருவியை முதன்முதலில் வெளியுலகுக்குக் காட்டியது 1964-ல். ஐந்தே வருடத்தில் அது சபர்மதி கரைக்கு வந்துவிட்டது!

அந்தக் கால மூக், இப்போது கடையில் கிடைக்கும் கீபோர்டு மாதிரி இல்லை. ஓர் அலமாரி நிறைய மின்சுற்றுகள். ஒன்றை இன்னொன்றோடு ஒயரால் இணைத்தால்தான் சத்தம். அதன் ஆஸிலேட்டர்கள் சூட்டுக்குத் தகுந்த மாதிரி சுருதி நகரும். காலையில் சேர்த்த சுருதி மதியம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆஸிலேட்டரை ஒரு பொறியாளர் பார்த்தால் கோளாறு என்பார். ட்யூடர் அதைக் கோளாறாகப் பார்க்கிற ஆள் இல்லை.

அவர் செய்தது என்ன? கோயில் திருவிழாவில் மைக் செட் திடீரென்று 'கூ...' என்று ஊளையிடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்கில் புகுந்து, பெரிதாகி, திரும்ப ஸ்பீக்கருக்கே வந்து, சுற்றிச் சுற்றி வளர்வதுதான் அது. மைக் செட்காரர் ஓடிப்போய்க் குமிழைத் திருகுவார். ட்யூடர் திருகாமல் விட்டார்! டேப் ரெக்கார்டரையும் மூக்கையும் வட்டமாக இணைத்து, வெளியே போகும் சத்தத்தையே உள்ளே அனுப்பி, அது தானாக என்ன ஆகிறது என்று பார்த்தார். வட்டச் சுவாசம் மாதிரியேதான், மூச்சுக்குப் பதில் மின்சாரம். அடுத்த நிமிடம் என்ன சத்தம் வரும் என்று அவருக்கே தெரியாது. தெரியாததுதான் அவருக்குச் சங்கீதம்.

அந்தக் கூடத்தில் இந்தியர்களும் வேலை செய்தார்கள். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1969 முதல் 1972 வரை பதிவு செய்த டேப்புகள் இருந்தன. பிறகு அந்தக் கதையை ஊர் மறந்தே போனது. 2017 வாக்கில் லண்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் என்ற இசைக்கலைஞர் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்த டேப்புகளைக் கண்டெடுத்தார். 2023-ல் அவற்றின் தொகுப்பு வெளியானது. ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த சத்தம்!

இதேபோல மறக்கப்பட்டு மீண்டவர் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங். 1982-ல் ரோலண்ட் கருவிகளை வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அன்று யாரும் சீண்டவில்லை. 2010-ல் அது மறுவெளியீடு ஆனபோது, மேற்கத்திய டான்ஸ் இசையில் பின்னால் வந்ததை இவர் முன்னாலேயே தொட்டுவிட்டாரே என்று உலகம் வாயைப் பிளந்தது.

அமெரிக்காவிலும் ஒரு வட்டம் சுற்றியது. லா மான்ட்டே யங் என்பவர் 1958-லேயே நீண்ட சுரங்களால் மட்டும் ஆன இசை எழுதினார். 1970-ல் பண்டிட் பிராண் நாத் அமெரிக்கா சென்றபோது யங்கும் டெர்ரி ரைலியும் அவருக்குச் சிஷ்யர்கள் ஆனார்கள். குருவுக்குத் தம்பூரா போட்டார்கள். இன்று 'ட்ரோன்' என்று தனி இசைவகையே இருக்கிறது. அதன் வேரில் தம்பூராவின் ரீங்காரமும் உண்டு.

சொன்ன பேச்சு கேட்காத பெட்டி

அந்த வகையில் வந்த கருவிகளில் பேர்போன ஒன்று லைரா-8. ரஷ்யாவைச் சேர்ந்த விளாட் கிரைமர் 2010-களின் பிற்பகுதியில் வெளியிட்டது. அதில் எட்டுக் குரல்கள். கட்டைகளுக்குப் பதில் உலோகத் தொடுபுள்ளிகள். இரண்டு புள்ளிகளை விரலால் தொட்டால் மின்சுற்று நம் தோல் வழியாகப் பூர்த்தியாகும். வியர்த்த விரலுக்கு ஒரு மாதிரி பதில் சொல்லும், காய்ந்த விரலுக்கு வேறு மாதிரி. ஒரு குரல் பக்கத்துக் குரலைப் போய்க் கலைக்கும். அது இன்னொன்றைக் கலைக்கும். ஸ-ரி-க-ம என்று குறி எதுவும் கிடையாது. எட்டுக் குரலுக்கும் காதால் கேட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

காதால் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சுருதி சேர்ப்பது... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? ஒத்தின் அடித்துளையில் மெழுகு வைத்த அதே வேலைதான்!

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலைப் பைசா செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைபேசிகளில் ஒலி எழுப்பும் ஆப் ஒன்றைப் போட்டு, ஒன்றில் 200 ஹெர்ட்ஸ், மற்றதில் 202 ஹெர்ட்ஸ் வையுங்கள். இரண்டையும் ஒன்றாக ஒலிக்க விட்டால் நொடிக்கு இரண்டு முறை சத்தம் பெருகி அடங்கும். 201 ஆக்கினால் நொடிக்கு ஒரு முறை. இரண்டும் 200 ஆனால் விம்மல் நின்றுவிடும். நாதஸ்வரமும் ஒத்தும் சேரும் தருவாயில் காற்றில் ஒரு நடுக்கம் தெரியுமே, அது இதுதான். சுருதி சேர்ப்பவர் இந்த விம்மலைக் கேட்டுத்தான் மெழுகை ஒட்டுகிறார். ட்ரோன் வாசிப்பவர் அந்த விம்மலை நிறுத்தாமல் அதன் மேலேயே பயணம் போகிறார்.

இப்போது இரண்டு பாதைகளும் தெளிவாகத் தெரியும். ஒரு பாதை, மனிதரின் தடுமாற்றத்தை நீக்கி, தவறே செய்யாத சுருதியைத் தருவது. மின்னணுத் தம்பூரா போன வழி அது. இன்னொரு பாதை, இயந்திரத்துக்கே தடுமாற்றத்தைக் கொடுத்து, வாசிப்பவர் ஒவ்வொரு நொடியும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளும்படி செய்வது. அகமதாபாத் மூக்கும் லைராவும் போன வழி.

முதல் பாதை தேவையான பாதை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. தவறே செய்யாத சுருதியை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஃபேன் சத்தம் மாதிரி அது காதிலிருந்து நழுவிப் போகும். ஒத்துக்காரர் ஊதியபோது, அவர் மூச்சு எங்கே தளர்கிறது என்று நாதஸ்வரக்காரர் கவனித்தார். நாதஸ்வரக்காரர் எங்கே ஏறுகிறார் என்று ஒத்துக்காரர் கவனித்தார். சுருதி என்பது இருவருக்கும் நடுவில் நடந்த பேச்சுவார்த்தை. பெட்டியோடு பேச்சுவார்த்தை கிடையாது. அது சொல்லும், நாம் கேட்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் உண்மையில் யார் யாருக்கு ஒத்து ஊதுகிறார்கள்?

விசித்திரம் இதுதான். உலகின் வேறு மூலைகளில், இதே 'உயிருள்ள சுருதி'யைத் தேடி ஆயிரக்கணக்கில் செலவழித்து, வேண்டுமென்றே தடுமாறும் கருவிகளைச் செய்கிறார்கள். இங்கே, ஆச்சா மரமும் நாணல் சீவாளியும் கொஞ்சம் மெழுகும் ஒரு சிறுவனின் மூச்சும் சேர்ந்து அதைச் செய்துகொண்டிருந்தன. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியான செய்தி. குழலுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. துளையில்லாத குழலை ஊதியவருக்கு என்ன கிடைத்தது? ஒரு வசவுச் சொல்.

பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லி இந்தக் கட்டுரை கேட்கவில்லை. அது நடக்கவும் நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இசைப்பள்ளியில் நாதஸ்வரம் பழகும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், பெட்டியை அணைத்துவிட்டு, ஒரே சுரத்தை நிறுத்தாமல் ஊதச் சொன்னால் செலவு எதுவும் இல்லை. பக்கத்தில் இன்னொரு பிள்ளை ராகம் வாசிக்கட்டும். அடுத்த வாரம் இடம் மாறட்டும். மூடிய வாசலில் ஒரு சின்ன ஜன்னலாவது திறக்கும்.

அடுத்த முறை திண்டிவனம் டீக்கடையில் யாராவது, "அவனுக்கு ஒத்து ஊதுறியா?" என்று கேட்டால், "அதுக்கு ரெண்டு மணி நேரம் மூச்சு விடாம ஊதத் தெரியணும்ணே, எனக்கு எங்கே அந்தத் திறமை?" என்று திருப்பிக் கேட்கலாம்.

கேட்டுவிட்டு டீ காசைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அங்கே நின்றால் ஆபத்து!